வாட்சு எங்கே உறங்குகிறது?

வாட்சு கட்டுகிறவர்கள் அதன் முகத்தைத்தான் பார்ப்பார்கள். முதுகைத் திறந்து மூடியின் உள்பக்கத்தைப் பார்ப்பவர்கள் எங்களைப் போன்ற வேலைக்காரர்கள் மட்டும்தான். பழைய, விலைகூடிய சாவி வாட்சாக இருந்தால் அந்த மூடிக்குள் ஊசியால் கீறிய அடையாளங்கள் இருக்கும். யார் யார் திறந்து வேலை பார்த்தார்களோ அவரவர் கையெழுத்தாகப் போட்ட ஒப்பு அது. லென்சைக் கண்ணில் இடுக்கிப் பார்த்தால்தான் தெரியும். அப்படித் திறக்கும்போது 'ஞ' என்று ஒரு தமிழ் எழுத்து கண்டால் அது நான். ஞானபாய். பாறசாலை வாட்சுக்கடையில் நாற்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவள்.

நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தேன். இங்கிலீஷ் தெரியாது. வாட்சுகளின் முகத்தில் எழுதியிருக்கும் கம்பெனிப் பேர்களை நான் எழுத்தாக வாசித்ததில்லை, படமாகத்தான் அறிவேன். ஆனால் சுவிட்சர்லாந்து வாட்சுக்குள் 'ஞ' போட்டவள் இந்த உலகத்தில் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். இல்லையென்று சொல்கிறவர்கள் மூடியைத் திறந்து காட்டட்டும்.

போன வருஷம் வேலையை விட்டேன். கடையை இப்போது நடத்துவது பழைய முதலாளியின் மகள் பிரீதா. கண்ணாடியும் விளக்கும் போட்டுப் புதுக்கடையாக மாற்றியிருக்கிறாள். விற்பனைக்கு இரண்டு பெண்பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள். போன மாசம் நான் சும்மா பார்க்கப் போனபோது அதில் ஒருத்தி கேட்டாள்.

"அக்கா, எல்லாருக்க கையிலயும் போனு உண்டு. அதுல மணி தப்பாது. இது நாளு ரெண்டு செகண்டாவது முன்னையோ பின்னையோ போவும். பின்ன எதுக்கு இவ்வளவு ரூவா குடுத்து இத வாங்குது? வாங்கினது மட்டுமா, கொச்சுப் பிள்ளைய மாதிரியில்லா துணியில பொதிஞ்சு கொண்டுவருது!"

"வாற ஆளுகளிட்ட மூணு கேள்வி கேளு மக்கா. காரணம் அவங்களே சொல்லுவாங்க" என்றேன்.

எந்த மூன்று கேள்வி என்று அந்தப் பிள்ளை கேட்டதற்கு நின்றுகொண்டு பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இது. நான் எழுத்துக்கூட்டி எழுதித் தந்ததைப் பிழை திருத்தியது எங்கள் சபை மலரைப் பார்க்கும் டீச்சர். பிழைதான் திருத்தினார், சொல்லெல்லாம் என்னுடையது.

கடையை ஆரம்பித்தவர் பிரீதாவின் அப்பா, பெயர் சத்தியநேசன். நாங்கள் ஆசான் என்று விளிப்போம். அவர் கடைக்கு நான் தூத்துவாரத்தான் போனேன், என் இரண்டாவது பிள்ளை பால் மறந்த வருஷம். முதல் நாள் காலையில், நல்ல பெயர் எடுக்க வேண்டுமென்று மேசைக்கு அடியிலெல்லாம் நுழைந்து, ஒரு தூசி இல்லாமல் தூத்து வாரி, பின்பக்கத்து ஓடையில் கொண்டு தட்டினேன். ஆசான் வந்தார். தரையைப் பார்த்தார். முகம் மாறியது.

"தூத்தது எங்க?"

"ஓடையில போட்டேன்."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கோபம் வந்தால் அவர் செய்வது அதுதான், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. "நேத்து ஒரு திருகாணி கையில இருந்து துள்ளிப் போச்சு பிள்ளே. ஒரு உப்புக்கல்ல நாலா ஒடச்சா அதுல ஒண்ணுக்க அளவு இருக்கும். இண்ணைக்குத் தேடலாம்ணு இருந்தேன்."

பக்கத்து மைக்செட்டுக் கடையிலிருந்து ஒரு பெரிய காந்தத்தை வாங்கி வந்தார். அதைக் காகிதத்தில் பொதிந்து கையில் தந்தார். அவர் வேட்டியை மடித்துக் கட்டி ஓடைக்கரையில் குத்தவைத்தார். நான் எதிரே இருந்தேன். இரண்டு மணி நேரம் அந்த மண்ணைக் காந்தத்தால் தடவினோம். கடைக்கு வந்தவர்கள் எட்டிப் பார்த்து, "ஆசானே, என்ன புதையலா?" என்று கேட்டார்கள். "ஆமா, திருகாணி" என்றார், தலை நிமிராமல். ஆணித்துருவும் குண்டூசியும் ஒட்டிவந்த காகிதத்தில் அந்தத் திருகாணியும் வந்தது. எனக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றியது.

காந்தத்தோடு கடைக்குள் ஓடப்போனேன். வாசலில் கையை நீட்டி மறித்தார்.

"நில்லு. வாசலுக்கு அந்தப் பக்கம் இது நமக்குக் கூட்டுக்காரன். இந்தப் பக்கம் சத்துரு. வாட்சுக்குள்ள முடிய விட மெலிஞ்ச ஒரு சுருளு உண்டு. காந்தம் பட்டா அந்தச் சுருளு ஒண்ணோடொண்ணு ஒட்டும். பின்ன வாட்சு பேய் பிடிச்ச மாதிரி ஓடும்."

அன்றுமுதல் தூத்ததை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைப்போம். சனிக்கிழமை வெள்ளைக் காகிதத்தில் பரப்பிப் பார்த்தபிறகுதான் வெளியே போகும். நான் விட்டுப் போகிற நாள்வரை அந்த வழக்கம் மாறவில்லை.

மூன்று வருஷம் தூத்தேன். நாலு வருஷம் வாட்சின் உறுப்புகளைப் பெட்ரோலில் கழுவி, காற்று ஊதி, வரிசை தப்பாமல் அடுக்கிக் கொடுத்தேன். ஒரு நாள் ஆசான், "பிள்ளே, நீயே பூட்டு" என்றார். பூட்டினேன். ஓடியது. என் படிப்பு அவ்வளவுதான்.

ஆனால் வருகிறவரிடம் ஒரு வாட்சை வேலைக்கு வாங்கிவைப்பது எப்படி என்று படிக்க அதைவிட அதிக காலம் ஆனது. ஆசான் மேசையில் எப்போதும் ஒரு வெள்ளைத் துவர்த்துத் துண்டு நாலாக மடித்துக் கிடக்கும். வருகிறவர் வாட்சைக் கழற்றி அவர் கையில் தரக்கூடாது, துவர்த்தில் வைக்க வேண்டும். வைத்தபிறகு குனிந்து காதைக் கொடுப்பார். திறக்கமாட்டார். முதலில் மூன்று கேள்வி.

எப்ப முதல் இப்படி?

இது யாரு தந்தது?

ராத்திரி இது எங்க உறங்கும்?

முதல் கேள்வி எல்லாக் கடையிலும் கேட்பதுதான். மூன்றாவது கேள்விக்குக் காரணம் உண்டு. ஒருவர் ரேடியோவுக்கு மேலே வைப்பார், அதில் காந்தம். ஒருவர் குளிமுறி ஜன்னலில் வைப்பார், ஈரம். ஆரியங்கோட்டு ரப்பர் வியாபாரி ஒருவர் கள்ளனுக்குப் பயந்து அரிசிப் பானைக்குள் வைத்திருந்தார். உள்ளே அரிசித் தவிடு இருந்தது. இரண்டாவது கேள்விக்கு மட்டும் வேலையில் ஒரு உபயோகமும் இல்லை. "எதுக்கு ஆசானே அது?" என்று நான் ஒருமுறை கேட்டேன். "அத அறிஞ்சா நம்ம கை பைய நடக்கும்" என்றார்.

அந்த ரப்பர் வியாபாரி சொன்ன பதில் எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. "அப்பன் தந்தது. சாவி குடுக்க மறந்தா அப்பனுக்க ஏச்சு இப்பவும் காதுல கேக்கும் பாத்துக்க." பொழியூரில் வள்ளம் வைத்திருந்த ஒருவர் சொன்னார்: "வீட்டுல பாதிய கடலு கொண்டு போச்சு. இது கையில கெடந்ததுனால எனக்க கூட வந்திச்சு." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். இரண்டு பேரும் வேலை முடியும்வரை ஸ்டூலை விட்டு எழும்பவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் இருப்பதுபோல இருந்தார்கள்.

நான் முதல்முதலாக ஒரு வாட்சை முழுசாகப் பிரித்துக் கழுவிப் பூட்டிய நாளில் ஆசான் ஊசியைக் கையில் தந்தார். "ஒப்புப் போடு." எனக்கு இங்கிலீஷ் எழுதத் தெரியாது என்றேன். "தெரிஞ்ச எழுத்துப் போடு. ஒனக்க பேருக்கு மொத எழுத்து அறியலாமில்லியா?" ஒரு வாரம் பழைய மூடி ஒன்றில் கீறிப் பழகினேன். நெளிவும் சுருளுமான அந்த எழுத்தைக் கடுகளவில் கீறுவது வேலையைவிடப் பாடு.

ஒப்புக்கு இன்னொரு சட்டமும் வைத்திருந்தார். வேலை பார்த்த வாட்சு ஒரு வருஷத்துக்குள் அதே கேட்டோடு திரும்பி வந்தால், நம் ஒப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு கீற வேண்டும். "நம்ம தோத்தத நம்மளே எழுதணும். இனி திறக்கியவன் அறியட்டு." இந்த நாற்பத்தொரு வருஷத்தில் நான் கீறிய கோடுகள் பதினொன்று. அதில் இரண்டு ஒரே வாட்சில். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

ஆசான் இறந்துபோய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மேசையில் நான் மட்டும். கவுண்டரில் பிரீதா. காஞ்சிரங்குளத்திலிருந்து ஒரு அம்மா வந்தார், என்னைவிடப் பத்து வயசு குறைவு இருக்கும். பேர் ஸ்டெல்லா. கல்ஃபில் முப்பது வருஷம் நர்சாக இருந்துவிட்டு நாட்டுக்கே வந்துவிட்டவர். கையில் ஆண்கள் கட்டுகிற அளவில் ஒரு ஆட்டோமாட்டிக் வாட்சு. சாவி கொடுக்க வேண்டாம், கை ஆடினால் போதும், உள்ளே ஒரு அரைவட்டத் தட்டு சுற்றித் தானே முறுக்கிக்கொள்ளும். அதைத் துவர்த்தில் வைத்தபோதே எனக்குப் பிடித்துவிட்டது. செகண்டு முள் துள்ளாமல் வழுக்கிக்கொண்டு போனது, வெண்ணெயில் கத்தி போவது மாதிரி.

"எப்ப முதல் இப்படி சிஸ்டர்?"

"நாட்டுல வந்து ரெண்டு மாசம் களிஞ்ச பொறவு. நாளு முப்பது நாப்பது நிமிஷம் முந்துது."

"இது யாரு தந்தது?"

அவர் கொஞ்சம் நிமிர்ந்தார். "யாரும் தரல்ல. நானே எனக்கு வாங்கினதாக்கும்."

அந்தக் கேள்விக்கு அப்படி ஒரு பதிலை நான் அதுவரை ஒரு பெண்ணிடம் கேட்டதில்லை. அவரே தொடர்ந்து சொன்னார்: "மூணு தங்கச்சியளுக்கு கல்யாணம் களிஞ்சு, வீடும் கெட்டி முடிஞ்ச மாசம் வாங்கினேன் அக்கா. அதுவரை ஆஸ்பத்திரியில தந்த, சட்டையில குத்துத பின் வாட்சு வெச்சுத்தான் மத்தவங்களுக்க நாடி எண்ணினேன். எண்ணின கையில எனக்கு இஷ்டப்பட்ட ஒண்ணு கெடக்கட்டுமே. பதினெட்டு வருஷமாச்சு. ஒரு நாளும் இது என்னைய சதிச்சதில்ல."

"ராத்திரி எங்க உறங்கும்?"

"கட்டிலுக்குப் பக்கத்துல, மேசை மேல."

"மேசையில போனு உண்டா? ஸ்பீக்கரு?"

"போனு ஹாலிலயாக்கும். உறங்க விடாது சவம்."

ஆசான் விட்டுப்போன சின்ன வடக்குநோக்கி, திசை காட்டும் முள்பெட்டி, ஒன்று என் மேசையில் உண்டு. அதன் பக்கத்தில் வாட்சை வைத்ததும் முள் திரும்பியது. காந்தம் ஏறியிருக்கிறது. திறந்து பார்த்தால் சுருள் ஒட்டிக்கொண்டு கிடந்தது. மூடியின் உள்பக்கம் சுத்தமாக இருந்தது, ஒரு கீறலும் இல்லை. முழுசும் பிரித்துக் கழுவி, எண்ணெய் வைத்து, காந்தம் எடுக்கும் பெட்டியில் காட்டி, நாலு நாள் ஓட்டம் பார்த்தேன். நாளுக்கு இரண்டு செகண்டுதான் பிசகு. மனசு நிறைந்து 'ஞ' போட்டேன். கட்டிக்கொண்டு போகும்போது அவர் கையை இரண்டு தடவை திருப்பிப் பார்த்ததை நான் கண்ணாடி வழியே கண்டேன்.

ஒன்பதாம் நாள் திரும்பி வந்தார். அதே நாற்பது நிமிஷம்.

வடக்குநோக்கி திரும்பியது. காந்தம். வீட்டில் மிக்சி எங்கே, டிவி எங்கே, கட்டிலில் இரும்பு உண்டா என்று போலீஸ் மாதிரி விசாரித்தேன். "அக்கா, நான் ஸ்கேன் எடுக்கிய முறிக்குப் பக்கத்துல வேலை செய்தவ. அங்க வெச்சு ஒண்ணும் ஆவல்ல. எனக்க வீட்டுல என்ன இருக்கப் போவுது?" என்றார். காந்தம் எடுத்தேன். என் ஒப்புக்குப் பக்கத்தில் ஒரு கோடு கீறினேன்.

எட்டாம் நாள் மறுபடியும் வந்தது. இந்த முறை ஸ்டெல்லாவின் தம்பி வில்சனும் கூட வந்தார். காஞ்சிரங்குளத்துக் குடும்பவீட்டில் அக்காவும் தம்பியும் ஒன்றாகத்தான் இருக்கிறார்கள். பெரிய மீசை, அதைவிடப் பெரிய சத்தம்.

"இது ஓடாத சாதனம் அக்கா. போன்ல பிரஷரும் பாக்கலாம், நடந்ததும் எண்ணலாம், மணியும் பாக்கலாம். இவளுக்கு இது ஒரு கிறுக்கு. திருவனந்தபுரத்துல எனக்கு அறியப்பட்ட ஒருத்தரு இது மாதிரி பழசு சேக்கிய ஆளு. சனியாழ்ச்ச வாறாரு. குடுத்துரலாம்ணு நான் பறஞ்சாச்சு."

நான் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் படாத வெள்ளை வளையம் ஒன்று மணிக்கட்டில் இருந்தது.

"இந்தத் தடவையும் ஓடல்லேண்ணா குடுத்துரலாம்ணு நானும் சம்மதிச்சேன் அக்கா" என்றார். "ஓடாதத கெட்டிக்கிட்டு நடந்தா அதுக்கும் மானக்கேடு, எனக்கும் மானக்கேடு."

வில்சன் வாயை அத்தோடு மூடியிருக்கலாம். "மொதல்ல திறந்தப்ப உள்ள உள்ள மெஷின மாத்திப்போட்டாச்சோ என்னவோ, ஆருக்கு அறியலாம்?" என்றார், மீசைக்குள்.

பிரீதா எழும்பிவிட்டாள். நான் கையமர்த்தினேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். அப்போதுதான் தெரிந்தது, ஆசான் ஏன் அப்படிச் செய்தார் என்று. கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே நிற்கிறவன் முகம் தெளிவாகத் தெரியாது, ஏசவும் தோன்றாது.

அவர்கள் போனபிறகு பிரீதா மெதுவாகச் சொன்னாள்: "ஞானக்கா, நம்ம இத கம்பெனிக்கு அனுப்பிருவோம். நமக்கு எதுக்கு பொல்லாப்பு?"

"கம்பெனியில காந்தம் எடுத்துத் தருவான். வீட்டுல போனா பின்னயும் ஏறும். கேடு வாட்சுல இல்ல மக்கா. எங்கயோ வீட்டுல ஆக்கும்."

அன்றே காந்தம் எடுத்தேன், இரண்டாவது கோட்டையும் கீறினேன். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேல், அந்த வாட்சை ஒரு டப்பியில் வைத்து, வடக்குநோக்கியைக் கைத்துணியில் முடிந்து, நெய்யாற்றின்கரைக்குப் பஸ் ஏறினேன். அங்கிருந்து ஆட்டோ. என் வேலைக்காலத்தில் வாட்சுக்காக ஒரு வீட்டுப் படி ஏறியது அன்று மட்டும்தான்.

வில்சன் வாசலில் நின்றார். "என்னக்கா, வாட்சுக்கு வீட்டுல வந்து ஊசி போடதுக்கா?"

"ஆமா. நோயாளி வரமுடியல்ல, டாக்டரு வந்தாச்சு" என்றேன்.

வடக்குநோக்கியைக் கையில் ஏந்தி வீடு முழுக்க நடந்தேன். வில்சன் பின்னாலேயே வந்தார். பிரிட்ஜின் பக்கத்தில் முள் ஆடியது, ஆனால் அது அடுக்களையில். டிவியும் தூரம். ஸ்டெல்லாவின் கட்டில் தேக்கு. மேசை பலா. மேசைமேல் ஒரு தண்ணீர்ச் செம்பு, மூக்குக்கண்ணாடிக் கூடு. வடக்குநோக்கியை மேசையின் நாலு மூலையிலும் வைத்தேன். முள் வடக்கைவிட்டு இம்மி அசையவில்லை.

"வீட்டுல பேயும் இல்ல, பிசாசும் இல்ல. அக்கா சாயா குடிச்சிட்டுப் போங்க" என்றார் வில்சன். எனக்குச் சாயா இறங்கவில்லை. வாட்சை ஸ்டெல்லாவின் கையில் கட்டிவிட்டேன். நாளைக்கு இந்நேரம் அது வேறொருவர் கையில் இருக்கும் என்று இரண்டு பேரும் நினைத்தோம்.

மணி ஆறானது. "அக்கா, ஜெபம் முடிச்சிட்டுப் போலாம். வில்சன் பைக்கில கொண்டு விடுவான்" என்றார் ஸ்டெல்லா.

ஹாலில் பாய் விரித்தார்கள். ஸ்டெல்லா அலமாரியிலிருந்து வேதப்புத்தகத்தை எடுத்து வந்தார். முதலில் வாட்சைக் கழற்றி முன்னால் வைத்தார். அவருடைய அப்பா சபையில் உபதேசியாராக இருந்தவராம். ஜெபம் நீண்டுபோகாமல் இருக்க வாட்சைக் கழற்றி எதிரே வைத்துத்தான் தொடங்குவாராம். அந்தப் பழக்கம் மகளுக்கும். பாட்டு பாடினோம். வாசித்தார். ஜெபத்துக்கு எல்லாரும் கண்ணை மூடினோம். என் பெயரைச் சொல்லியும் ஜெபித்தார், கையின் வேலையை ஆசீர்வதிக்கும்படி.

கடைசி வாக்கியத்தில் புத்தகத்தை மூடினார். நான் கண்ணைத் திறக்கவில்லை. காதில் மட்டும் ஒரு சத்தம் விழுந்தது.

'டக்.'

எல்லாரும் ஆமென் சொன்னார்கள். நான் சொல்லவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தேன். வேதப்புத்தகத்துக்கு அழகான தவிட்டு நிறத் தோல் உறை. அதன் வாய் மடங்கிவந்து மூடுகிற இடத்தில் இரண்டு பெரிய பொத்தான். அந்தப் பொத்தானுக்கு மேலேயே வாட்சைத் தூக்கி வைத்து, புத்தகத்தோடு சேர்த்து எடுத்துக்கொண்டு ஸ்டெல்லா படுக்கும் முறிக்கு நடந்தார்.

"சிஸ்டரே! அது எங்க போவுது?"

"மேசையில வெக்க. தினமும் ஜெபம் களிஞ்சா இது வேதப்புத்தகத்துக்கு மேலதான் உறங்கும், காலையில நான் எடுத்துக் கெட்டுதுவரை. பொறவு புத்தகம் அலமாரிக்குப் போவும். அப்பாவும் அப்படித்தான் வெப்பாரு. ஏன்?"

கைத்துணி முடிச்சை அவிழ்க்க எனக்குப் பொறுமை இல்லை. பல்லால் அவிழ்த்தேன். வடக்குநோக்கியை அந்தப் பொத்தான் பக்கம் கொண்டுபோனதும் முள் பைத்தியம் பிடித்ததுபோல ஒரு சுற்றுச் சுற்றி, நேராகப் பொத்தானைப் பார்த்து நின்றது. வில்சன் வாயைப் பிளந்தார்.

"வேதப்புத்தகத்துலயா?"

"புத்தகத்துல இல்ல தம்பி. உறையில. பொத்தானு காந்தமாக்கும். ராத்திரி முழுக்க வாட்சு அதுக்கு மேலதான் கெடந்திருக்கு." எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அப்போதுதான் ஆசானின் இரண்டாவது கேள்வி ஞாபகம் வந்தது. "சிஸ்டரே, இந்த உறை யாரு தந்தது?"

ஸ்டெல்லா தம்பியைப் பார்த்தார். வில்சன் கூரையைப் பார்த்தார்.

"நாட்டுல வந்த ரெண்டாம் மாசம், கன்வென்ஷனுக்குப் போனப்ப வாங்கித் தந்தான்" என்றார் ஸ்டெல்லா. "எல்லாத்துலயும் விலைகூடினதாம், நாசமாப்போனவன்!" சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் அடுக்களையிலிருந்து வில்சனின் மனைவி கரண்டியோடு ஓடி வந்தாள். விஷயத்தைச் சொன்னதும் அவளும் சிரித்தாள். "மெஷின மாத்தினது ஆருண்ணு இப்ப தெரிஞ்சிச்சா?" என்று புருஷனிடம் கேட்டாள். கடையில் நடந்ததை வீட்டில் வந்தும் சொல்லியிருப்பார் போல. அந்த மீசை அன்று தொங்கியதுபோல நான் வேறெந்த மீசையும் தொங்கிப் பார்த்ததில்லை.

ஸ்டெல்லா அப்போதே கத்திரியை எடுத்துக் காந்தப் பொத்தான்களை வெட்டி எடுத்தார். தையல் போட்டுப் பழகிய கை. துணிப்பொத்தான் ஒன்றைத் தைத்து வைக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

அரை மணி நேரம் காந்தத்துக்குப் பக்கத்தில் இருந்த வாட்சை அப்படியே விட எனக்கு மனசில்லை. சனிக்கிழமை காலையில் கடை திறக்கும்போது வில்சன் வாட்சோடு வாசலில் நின்றார். தனியாக. துவர்த்தில் வைக்க வேண்டும் என்று சொல்லாமலே வைத்தார். நான் பின்மூடியைத் திறந்து சுருளைப் பார்த்தேன். அவர் ஸ்டூலில் இருந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஒரு காரியம் கேட்டா கோவப்படப்பிடாது. இதுல என்ன உண்டுண்ணு இவ இப்படிக் கெடந்து உருகுதா?"

லென்சை அவர் கண்ணில் இடுக்கிவிட்டேன். மீசைக்காரருக்குக் கண்ணைச் சுருக்கி அதைப் பிடித்து நிறுத்தப் பத்து தடவை ஆனது. பிறகு குனிந்தார். உள்ளே சக்கரம் போயும் வந்தும் ஆடிக்கொண்டிருந்தது. அதன் நடுவில் சுருள் விரிந்து சுருங்கிக்கொண்டிருந்தது. சிவப்புக் கல் ஒன்று வெளிச்சத்தில் மினுங்கியது. யாரும் பார்க்காத இடத்தில் இருக்கும் தகட்டில்கூட வரிவரியாக மினுக்கு வேலை செய்திருந்தான் எவனோ ஒருவன். பிரீதா கொண்டுவைத்த சாயாவில் ஆடை படிந்தது.

"இது எப்படி நிக்காம ஓடுது?" என்றார், கண்ணை எடுக்காமல்.

"ஒனக்க அக்கா கை ஆட்டிக்கிட்டு நடக்கியதுனால. பாட்டரி இல்ல, கரண்டு இல்ல. அவ வார்டு வார்டா நடந்த நடப்பு எல்லாம் இந்த வில்லுல ஏறி ஏறித்தான் பதினெட்டு வருஷம் ஓடினது. வீட்டுல அவ படுத்துக் கெடந்தா ரெண்டு நாளுல இதுவும் படுக்கும்."

கொஞ்ச நேரம் கழித்து லென்சைக் கழற்றித் துவர்த்தில் வைத்தார். வெளியே போய்ப் போனில் பேசினார். வில்சனின் மெதுவான பேச்சும் தெருவுக்கே கேட்கும். "இல்ல, வரண்டாம். விக்கியதுக்கு இல்ல. இல்ல சேட்டா, வில கூட்டிப் பறஞ்சாலும் இல்ல. எனக்க அக்காவுக்க சாதனமாக்கும்."

அந்தப் பெண்பிள்ளைக்கு நான் சொல்ல நினைத்த பதில் இதுதான். மணி பார்க்க ஒருவரும் இதை வாங்குவதில்லை. வாங்கும்போது பகட்டுக்கு வாங்குகிறவர்கள் உண்டு, நான் இல்லையென்று சொல்லமாட்டேன். பக்கத்து வீட்டுக்காரன் காண வேண்டும் என்று கை நீட்டி நீட்டிப் பேசுகிறவர்களும் என் ஸ்டூலில் இருந்திருக்கிறார்கள். ஆனால் ஐந்து வருஷம் கட்டியபிறகு அதே ஆளிடம் அந்தக் கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். வேறு ஆளாகப் பேசுவார். தன்னோடு நடந்தால் ஓடுகிற, தான் நின்றால் நிற்கிற ஒரு சாதனத்தை மனுஷனால் வெறும் சாதனமாக வைத்திருக்க முடியாது. கேடு வந்தால் திறக்கலாம், நேராக்கலாம், நேராக்கியவள் பேரையும் உள்ளே எழுதிவைக்கலாம். போனுக்குள் யார் ஒப்புப் போடுகிறார்கள்?

நான் வேலையை விடுவதற்கு முந்தின வாரம் ஸ்டெல்லா கடைக்கு வந்தார். வாட்சைத் துவர்த்தில் வைத்தார். மறுபடியும் கேடு என்று நினைத்தேன்.

"எப்ப முதல்?"

"ஒண்ணும் இல்ல அக்கா. நல்லா ஓடுது. நீங்க போறதுக்கு முன்ன எனக்கு இதுக்க உள்ள பாக்கணும். வில்சன் பாத்தானாம், தினமும் பறஞ்சு பறஞ்சு என்னைக் கொல்லுதான்."

திறந்து காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். பிறகு மூடியைத் திருப்பி உள்பக்கத்தையும் லென்சில் பார்த்தார்.

"இது உங்க எழுத்தா? பக்கத்துல ரெண்டு வர கீறியிருக்கே, அது என்ன?"

சொன்னேன். ஆசானின் சட்டத்தையும் சொன்னேன். கேடு திரும்பி வந்தால் கோடு, வேலை பார்த்தவரே கீற வேண்டும், மறைக்கக்கூடாது என்று.

"அப்போ இதுல ஒரு வர கொறவு உண்டே" என்றார் ஸ்டெல்லா.

"எப்படி?"

"நீங்க மூணு தடவையும் சரியாத்தானே செய்தீங்க? மேசை மேலண்ணு பாதி பதிலு பறஞ்சது நானாக்கும். அந்த ஊசி தாங்க."

வேலைக்காரர் அல்லாதவர் மூடிக்குள் கீறுவது ஆசான் காலத்தில் நடக்காத காரியம். நான் பிரீதாவைப் பார்த்தேன். அவள் தன் தகப்பனுடைய வெள்ளைத் துவர்த்தைப் பார்த்தாள், பிறகு தலையை ஆட்டினாள்.

ஊசியைக் கொடுத்தேன். முப்பது வருஷம் நரம்பு தேடி ஊசி ஏற்றிய கை. ஒரு நடுக்கம் இல்லை. மூச்சைப் பிடித்து ஒரே இழுப்பு. லென்சை வைத்துப் பார்த்தேன். என் இரண்டு கோடுகளுக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு கோடு, அதே அளவில், அதே இடைவெளியில்.

எனக்குச் சொல்லச் சங்கடம்தான். என் கோடுகளைவிட அது நேராக இருந்தது.